கட்டிக்கரி எல்லாம் கோக் ஆகுமா? அச்சுக் கோக் பற்றி டெல்டா பட்டறைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், நாச்சியார்கோவில், சுவாமிமலை வட்டாரத்தில் உலை வைத்துப் பிழைப்பவர்களுக்கு எரிபொருள் கவலை எப்போதும் உண்டு. அடுப்புக்கரி ஒரு லோடு போல இன்னொரு லோடு இருப்பதில்லை. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு எடுக்கும் கோக், அதிலும் நல்லதாக வேண்டுமென்றால் வடக்கிலிருந்தோ துறைமுகத்திலிருந்தோதான் வரவேண்டும். இதற்கு நடுவில், ஒரே அளவாக அச்சில் அழுத்திய கரிக்கட்டிகளைக் காட்டி, "இதுவும் கோக்தான், விலை கம்மி" என்று ஆட்கள் வருகிறார்கள். சில சமயம் அது உண்மை, பல சமயம் இல்லை. பட்டறைகளில் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

அச்சுக் கோக் என்றால் என்ன?

நிலக்கரித் தூளைக் கட்டியாக அழுத்தி, அந்தக் கட்டியைக் காற்றுப் படாமல் சுட்டு எடுப்பது. முதலில் வடிவம், பிறகு சூடு.

வழக்கமான கோக்கில் இது தலைகீழ். கரித்தூளை உயரமான, ஒடுங்கிய அறைகளில் கொட்டி, 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் 16 முதல் 24 மணி நேரம் வரை வேகவிடுவார்கள். பாளமாக வெளியே தள்ளி, ஆற்றி, உடைத்துச் சலிப்பார்கள். அதனால்தான் நாம் வாங்கும் கோக் கோணல்மாணலாக, விரலளவும் கையளவுமாகக் கலந்து வருகிறது.

நம் ஊரில் செங்கல் சூளையைச் சொன்னால் சட்டென்று புரியும். களிமண்ணை அச்சில் அறுத்துக் காயவைத்தால் அது பச்சைக்கல். சூளைக்குள் போய் வந்த பிறகுதான் செங்கல். அழுத்திய கரியும் அப்படித்தான், சுடாதவரை அது பச்சைக் கட்டி. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை இதிலேயே இருக்கிறது.

சாதாரணக் கோக் இருக்கும்போது இது எதற்கு?

எல்லா நிலக்கரியும் கோக் ஆகாது. கோக் ஆகும் ரகத்தைச் சூடாக்கினால் சுமார் 350 டிகிரியில் இளகத் தொடங்கும், குழம்பாகிப் பொங்கும், 500 டிகிரியை ஒட்டி மறுபடி இறுகிவிடும். இளகி இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் துகளோடு துகள் ஒட்டிக்கொள்கிறது. மற்ற ரகங்களை எவ்வளவு சுட்டாலும் இளகாது. தூளைப் போட்டால் தூள்தான் வெளியே வரும்.

இந்தியாவில் நிலக்கரிக்குப் பஞ்சமில்லை, இளகும் நிலக்கரிக்குத்தான் பஞ்சம். ஜார்க்கண்டின் ஜாரியா வட்டாரம்தான் நமக்குப் பெரிய ஆதாரம், அங்கேயும் சாம்பல் அதிகம். மீதி, முக்கியமாக ஆஸ்திரேலியாவிலிருந்து, கப்பலில் வருகிறது. தமிழ்நாட்டில் அந்த ரகம் கிடையாது. இளகாத கரியிலிருந்தும் கோக் எடுக்க முடியுமா என்று தேடிப் போனவர்கள் கண்டுபிடித்த வழிதான் இது. கரி தானாகச் செய்யாத ஒட்டும் வேலையை அழுத்தமும் பசையும் செய்துகொடுக்கின்றன.

ஆலையில் எப்படிச் செய்கிறார்கள்?

ஆலைக்கு ஆலை மாறும். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் கெம்மரர் ஊரில் எஃப்.எம்.சி. நிறுவனம் 1960 வாக்கில் தொடங்கிய முறையை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு படியும் தனித்தனியாகப் பிரிந்திருப்பதால் புரிந்துகொள்ள வசதி.

கரியைப் பொடித்து, முதல் கலத்தில் சூடான வாயுவில் மிதக்கவிட்டு ஈரத்தைப் போக்குவார்கள். கொஞ்சம் ஆக்சிஜனும் படுவதால், கலத்துக்குள்ளேயே துகள்கள் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும் ஆபத்து அங்கேயே நீங்கிவிடும். அடுத்த கலத்தில் சூட்டைக் கூட்டும்போது தார் ஆவியாகப் பிரியும். அதற்கடுத்த கலத்தில் 800 டிகிரிப் பக்கம் கொண்டுபோனால் மிச்சம் இருக்கும் ஆவிகளும் போய், வெறும் கரித்தூள் நிற்கும். பிரிந்த தாரை வீணாக்குவதில்லை. அதில் காற்றை ஊதிக் கெட்டியாக்கி, அதையே பசையாக இந்தத் தூளோடு பிசைவார்கள். வெளியிலிருந்து பசையே வாங்க வேண்டாம். அந்த முறையின் கெட்டிக்காரத்தனம் அதில்தான் இருக்கிறது.

பிசைந்ததை இரண்டு உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். இரண்டிலும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற குழிகள் இருக்கும். உருளைகள் சுழன்று சந்திக்கும் இடத்தில் கட்டி அழுந்தி, கீழே விழும். நீங்கள் ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால் நடுவில் சுற்றிவர ஒரு மெல்லிய விளிம்புக் கோடு தெரியுமே, அது இரண்டு குழிகளும் சேர்ந்த இடம்.

பிறகு 200 முதல் 250 டிகிரி வரை, ஆக்சிஜன் குறைவாக உள்ள சூடான வாயுவில் கட்டிகளைப் பதப்படுத்துவார்கள். தார் அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து, மறுபடி உருகாத அளவுக்கு இறுகிவிடும். இந்தப் படியைச் சோம்பலில் விட்டால் அடுத்த சூட்டில் பசை உருகி, கட்டிகள் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடைசியாக 800 டிகிரிக்கு மேல், ஆக்சிஜன் இல்லாமல் சுட்டு, காற்றுப் படாமலேயே ஆறவிட்டு எடுப்பார்கள். அந்த ஆலையின் சரக்கு இரும்புக்குப் போகவில்லை. ஐடஹோ மாநிலத்தின் பொகடெல்லோவில் பாஸ்பரஸ் எடுக்கும் மின் உலைகளுக்குப் போனது.

மேற்கு ஜெர்மனியில் வேறு வழியில் போனார்கள். இளகாத கரியைச் சுட்டுத் தூளாக்கி, அந்தச் சூடு ஆறுவதற்குள் இளகும் ரகக் கரியைக் கொஞ்சம் கலப்பார்கள். சூடான தூள் பட்டதும் அது 450 டிகிரியைத் தாண்டி இளகும். இளகிய கையோடு அழுத்திவிட வேண்டும். இதில் இளகும் கரியே பசை. கேட்க எளிதாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சூட்டில் ஓடும் அச்சு உருளைகளைக் கட்டி மேய்ப்பது பெரிய பாடு.

ஏன் முதலில் தூளைச் சுட்டு, அப்புறம் கட்டியையும் சுட வேண்டும்? ஒரே தடவையில் முடிக்கக் கூடாதா?

சில ரகங்களில் முடிக்கலாம். ஆனால் சாதாரண நிலக்கரியில் எடைக்கு எடை 30 சதவீதம் வரைகூட ஆவியாகப் போகிற பொருள் இருக்கும். பச்சைத் தூளை அழுத்தி நேரே சூட்டில் வைத்தால், அத்தனையும் கட்டிக்குள்ளிருந்து வெளியே வர வழி தேடும். அதே நேரத்தில் கட்டி சுருங்கவும் செய்யும். மேல்தோல் முதலில் இறுகிவிட்டால் உள்ளே இருப்பது அதைப் பிளந்துகொண்டு வரும். தூளை முதலிலேயே சுட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். மிச்சத்துக்கு ஒரே மருந்து நிதானமான சூடு. அவசரப்பட்ட சூளையின் சரக்கை உடைத்துப் பார்த்தால் உள்ளே நட்சத்திரம் போல விரிசல் ஓடியிருக்கும்.

பசையாக எதைப் போடுகிறார்கள்?

கோக்குக்கு என்றால் தார், கீல் (தாரைக் காய்ச்சினால் மிஞ்சும் கெட்டிப் பொருள்) வகைதான் முதல் தேர்வு. எடையில் பத்து சதவீதம் முன்னே பின்னே சேரும். இவை சூட்டில் எரிந்து போய்விடாமல், பெரும் பங்கு கரியாகவே மாறித் துகள்களுக்கு நடுவில் பாலமாக நிற்கும். நல்ல பசைக்கு இதுதான் லட்சணம்.

சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு, அதாவது மொலாசஸ், சுண்ணாம்போடு சேர்த்தும் போடப்படுகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் குருங்குளத்திலேயே சர்க்கரை ஆலை இருப்பதால், "மொலாசஸ் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே" என்று பலருக்கு ஆசை வரும். தமிழ்நாட்டில் மொலாசஸ் வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். சாராயம் காய்ச்சப் பயன்படும் பொருள் அல்லவா! அப்புறம், மொலாசஸ் கட்டியைச் சரியாகப் பதப்படுத்தாவிட்டால் தண்ணீர் பட்டதும் கரைந்துபோகும். ஐப்பசி மழையில் அந்தச் சரக்கு என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மரவள்ளி மாவில் பிசைந்த கட்டிகளும் உண்டு. அவை தந்தூரி அடுப்புக்கானவை. உலைக்கு வேண்டாம்.

நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் இதைச் செய்ய முடியுமா?

முடியும், செய்தும் இருக்கிறார்கள். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை, சேத்தியாத்தோப்பு வழியாகச் சென்னைக்குப் போகும் சாலையில் வடலூரை எட்டினால் நெய்வேலி பக்கம்தான். அந்தப் பூமியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது கறுப்பாகப் பொருள் வந்தது 1930களில். நெய்வேலி நிறுவனம் அமைந்தது 1956ல், பழுப்பு நிலக்கரி கைக்கு வந்தது 1961ல். அந்தக் காலத்துத் திட்டத்தில் மின் நிலையம், உர ஆலை இவற்றோடு, கரியைக் கட்டியாக அழுத்திச் சுடும் ஆலையும் சேர்ந்திருந்தது. அங்கே வந்த சரக்குதான் லெக்கோ. வயதானவர்களைக் கேட்டால் புகையில்லாத அடுப்புக்கரி என்று சொல்வார்கள். வீட்டு அடுப்புக்கும் தொழிற்கூடங்களுக்கும் போனது. தார், கார்பாலிக் அமிலம் போன்றவை உபபொருளாகக் கிடைத்தன. சமையல் எரிவாயு எல்லா வீட்டுக்கும் வந்த பிறகு அதற்கு மவுசு குறைந்தது. 2000களின் தொடக்கத்தில் ஆலையே மூடப்பட்டது.

பழுப்பு நிலக்கரிக்கு ஒரு வசதி உண்டு: பசை வேண்டாம். நன்றாகப் பொடித்து, ஈரத்தைப் பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் கொண்டுவந்து, பலமான அழுத்தத்தில் அழுத்தினால் தானாகவே கெட்டிப்படும். ஈரம் அதற்கு மேலும் கூடாது, ஒரேயடியாக வறண்டும் போகக் கூடாது.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் கிழக்கு ஜெர்மனிக்காரர்கள். போருக்குப் பிறகு நாடு பிரிந்தபோது, இளகும் நிலக்கரி விளையும் ரூர் பகுதி மேற்கோடு போய்விட்டது. இவர்கள் கையில் மிஞ்சியது பெரும்பாலும் பழுப்பு நிலக்கரிதான். எரிஷ் ராம்லர், கியோர்க் பில்கென்ரோத் என்ற இரண்டு பேர், மிக நுணுக்கமாகப் பொடித்த பழுப்பு நிலக்கரியைப் பசையில்லாமல் அழுத்தி, மெதுமெதுவாக 1,000 டிகிரி வரை கொண்டுபோய்க் கெட்டியான கோக் எடுத்துக் காட்டினார்கள். 1952ல் லாவுக்ஹாமரில் ஆலை ஓடத் தொடங்கியது. இருந்தாலும் அந்தக் கோக்குக்கு, தாதிலிருந்து இரும்பு எடுக்கும் உயரமான ஊது உலையின் பாரத்தைத் தாங்கும் பலம் இல்லை. அதனால் கால்பே என்ற ஊரில் குட்டையான உலைகளாகக் கட்டி இரும்பு எடுத்தார்கள்.

இந்தச் செய்தி நம் ஊருக்கும் வந்தது. சேலத்து இரும்புத் தாதையும் நெய்வேலிக் கரியையும் சேர்த்து இரும்பாலை கட்டலாம் என்று 1960களில் நிறையப் பேசினார்கள். கடைசியில் 1980களின் தொடக்கத்தில் வந்த சேலம் உருக்காலை, தாதிலிருந்து இரும்பு எடுக்கும் ஆலையாக வராமல், துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாகவே வந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். வெட்டி எடுத்த 100 கிலோ நெய்வேலிக் கரியில் பாதி தண்ணீர். உலர்த்தினால் 50 கிலோ. அதிலும் பாதியளவு ஆவியாகப் போகும். 25 கிலோ கோக் தேறினாலே பெரிது. "கரி மலிவு" என்று பேசுபவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

மன்னார்குடிக்கு அடியிலும் பழுப்பு நிலக்கரி இருக்கிறதாமே?

இருக்கிறது, நெய்வேலியை விடப் பெரிய படுகை. ஆனால் ஆழம் அதிகம், மேலே இருப்பது நஞ்சை. 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 2023 மார்ச்சில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு ஆகிய பகுதிகளை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தபோது விவசாயிகள் கொதித்தார்கள், மாநில அரசும் எதிர்த்தது, ஏப்ரலிலேயே மூன்றையும் நீக்கிவிட்டார்கள். உலைக்காரனாக இருந்தாலும் எனக்கு இதில் இரண்டாம் கருத்து இல்லை. கரியை எங்கிருந்தும் வாங்கிக்கொள்ளலாம்.

அரிசி ஆலை உமிக்கட்டியைச் சுட்டால் கோக் வருமா?

வராது. உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பல் நிற்கும், அதில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. உமிக்கட்டியைக் காற்றில்லாமல் சுட்டால் கிடைக்கும் கரியில் பாதிக்குப் பாதி சாம்பல்தான் இருக்கும். கொதிகலனுக்கு உமிக்கட்டி அருமையான எரிபொருள், அங்கேயே இருக்கட்டும்.

என் பட்டறைக்கு அச்சுக் கோக் தேவையா?

நீங்கள் எதை உருக்குகிறீர்கள், எப்படி உருக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பித்தளை உருகச் சுமார் 900 முதல் 940 டிகிரி போதும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கின் அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக மண் அச்சில் வார்த்துக் கடைந்து சேர்க்கிறார்களே, அந்த வேலைக்கு நல்ல அடுப்புக்கரியும் ஒரு புளோயரும் இருந்தால் நடந்துவிடும். பித்தளையில் அதிகச் சூடே எதிரி. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். மூசையின் (உலோகத்தை உருக்கும் குவளையின்) வாயிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பினால் உங்கள் துத்தநாகம் காற்றோடு போகிறது என்று அர்த்தம். காசும் போகிறது, அதைச் சுவாசிப்பவருக்குச் சாயங்காலம் குளிர்காய்ச்சலும் வருகிறது. சூடு அதிகம் தரும் கோக்குக்கு மாறுபவர்கள் காற்றைக் குறைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சுவாமிமலைச் சிலை வார்ப்பு கொஞ்சம் வேறு. செம்பு அதிகமுள்ள கலவை, செம்பு தனியாக உருகுவது 1,085 டிகிரியில். காவிரி வண்டல் மண் பூசிய மெழுகு அச்சை வரட்டித் தீயில் காய்ச்சி மெழுகை ஓடவிடுவது ஒரு பக்கம் நடக்கும். அது முடியும் நேரத்துக்கு மூசையில் உலோகம் ஊற்றத் தயாராக இருக்க வேண்டும். பெரிய சிலை என்றால் பல மூசைகள் ஒரே சமயத்தில் தயாராக வேண்டும். இங்கே ஒரே அளவான கட்டி கைகொடுக்கும். ஒவ்வொரு உலையும் ஒரே வேகத்தில் ஏறும், நடுவில் தூள் அடைத்துக் காற்று நிற்காது.

மூசையில் உருக்குபவர்களுக்கு இன்னொரு நிம்மதி, கரியும் உலோகமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அதனால் கரியில் கந்தகம் கொஞ்சம் கூடினாலும் பெரிய சேதமில்லை, மூசையை மூடிவைத்தால் போதும்.

இரும்பு வார்ப்பு அப்படியில்லை. குபோலா உலையில் கோக், இரும்பு, சுண்ணாம்புக்கல் எல்லாம் அடுக்கடுக்காக ஒன்றாகவே இறங்கும். கோக்கில் இருக்கும் கந்தகம் நேரே இரும்புக்குள் போகும், வார்ப்பு கடினமாகி உடையும். மேலே இருக்கும் பாரத்தை 1,400 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் தாங்கிக்கொண்டு நிற்பதும் கோக்தான். அது நொறுங்கினால் காற்றுப் போகாது, உலை அணைந்து கட்டிப்போகும். கட்டியின் அளவு உலையின் உட்குறுக்களவில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது வார்ப்புக்காரர்களின் பழைய கணக்கு. சின்னக் கட்டியைக் குபோலாவில் போட்டால் சீக்கிரம் எரிந்து தீரும், இரும்பு சூடேறாது. ஆகவே இரும்பு வார்ப்பவர்கள், ஆய்வுக்கூட அறிக்கையில் சாம்பல், கந்தகம், ஆவிப்பொருள் மூன்றையும் பார்க்காமல் அச்சுக் கோக்கைத் தொடவே வேண்டாம்.

விற்க வந்தவர் "கோக்" என்கிறார். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

"அழுத்தியதா?" என்று கேட்க வேண்டாம், அது பார்த்தாலே தெரிகிறது. "அழுத்தின பிறகு எத்தனை டிகிரியில் சுட்டீர்கள்?" என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால் மேலே பேச வேண்டியதில்லை. பதில் தெளிவாக வந்தாலும், மூட்டையின் மேலிருந்து எடுக்காமல் அடியிலிருந்து கைக்கு வந்த நாலைந்து கட்டிகளை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். சுட்ட கோக் கணீரென்று சத்தம் கொடுக்கும். பச்சைக் கட்டி சத்தென்று மழுங்கலாகச் சொல்லும். விரலால் தேயுங்கள். சுட்டதில் லேசாகச் சாம்பல் நிறம் ஒட்டும், பச்சையில் மை மாதிரி கறுப்பு, கொஞ்சம் பிசுக்கு.

ஒன்றைச் சுத்தியால் உடைத்து, உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். ஓரத்திலிருந்து நடுவரை ஒரே சாம்பல் நிறமும், ஊசி குத்தியது போன்ற நுண்துளைகளும் இருந்தால் சூடு உள்வரை போயிருக்கிறது. ஓரத்தில் அரையங்குலம் சாம்பல் நிறமாகவும் நடுவில் பளபளக்கும் கறுப்பாகவும் இருந்தால் பாதியில் இறக்கிய சரக்கு. மூக்கருகே கொண்டுபோனால் தார் நாற்றமும் அடிக்கும். சந்தையில் ஏமாற்று இங்கேதான் அதிகம். வெளித்தோலைப் பார்த்து வாங்குபவர்கள் அப்படியே மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தண்ணீர் பழுப்பாகிக் கட்டி குழைந்திருந்தால் மொலாசஸோ மாவோ போட்டு, சுடாமல் விட்டது. நல்ல கோக் தண்ணீரைக் குடிக்கும், கரையாது.

மிச்சத்தை உலையில் எரியும் கரி மேல் வைத்துக் காற்று கொடுங்கள். மஞ்சள் தீயும் புகையும் கிளம்பினால் ஆவிப்பொருள் உள்ளேயே இருக்கிறது. கோக் தயங்கித்தான் பற்றும். பற்றிய பிறகு புகையில்லாமல், குட்டையான நீலத் தீயோடு எரியும். எரிந்து முடிந்ததும் சாம்பலை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு 120 கிராம் நின்றால் பரவாயில்லை. 250 கிராம் நின்றால் கால்வாசிக்கு மண் வாங்கியிருக்கிறீர்கள்.

பலத்துக்கு, ஆள் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் நாலு தடவை போடுங்கள். ஆய்வுக்கூடத்திலும் ஏறக்குறைய இதே உயரத்திலிருந்துதான் கோக்கைப் போட்டுச் சலித்துப் பார்க்கிறார்கள். மூலை உதிர்வது சகஜம். இரண்டாகப் பிளந்தால் வேண்டாம்.

இவ்வளவு நல்லதென்றால் பெரிய இரும்பாலைகள் ஏன் இதற்கு மாறவில்லை?

ஜப்பானில் 1980களில் பெரிய அளவிலேயே முயன்றார்கள், யவாட்டாவில் ஒரு நாளைக்கு 200 டன் செய்யும் சோதனை ஆலை ஓடியது. ஊது உலையில் வழக்கமான கோக்கோடு ஒரு பங்காகக் கலந்து ஓட்டவும் செய்தார்கள். முழுவதுமாக மாற்ற முடியவில்லை. ஒரே வடிவமுள்ள கட்டிகள் நெருக்கமாக அமர்ந்துகொள்வதால் நடுவில் காற்றுப் போகும் இடம் குறைகிறது. மூசை உலைக்கு நன்மையான அதே குணம், முப்பது மீட்டர் உயர உலையில் தொல்லை. பசைச் செலவு வேறு. கோக் அடுப்பு ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், கரியை அடுப்புக்குள் போடுமுன் இடித்து இறுக்கினாலே மட்டரகக் கரியைக் கொஞ்சம் கலக்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். இந்தியாவில் பல ஆலைகள் செய்வது அதைத்தான்.

பழைய டிரம்மில் போட்டு நாமே சுடலாமா?

வேண்டாம். கொட்டாங்கச்சியை டிரம்மில் சுட்டுக் கரியாக்குகிறோமே என்று சிலர் கேட்பார்கள். நிலக்கரியும் தாரும் அது இல்லை. மூடியை இறுக்கினால் வெடிக்கும், திறந்துவிட்டால் கார்பன் மோனாக்சைடும் தார் ஆவியும் தெரு முழுக்கப் பரவும். நிலக்கரித் தார்க் கீலும், கோக் செய்யும் வேலையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

வேல்ஸ் நாட்டின் அபெர்கும்பாய் கிராமத்தில் ஃபர்னசைட் என்ற புகையில்லாக் கரிக்கட்டியை 1942 முதல் 1990 வரை செய்தார்கள். கரித்தூளைக் கீலில் பிசைந்து, அழுத்தி, சுடும் இதே வேலை. லண்டனில் 1952ல் வந்த கொலைகாரப் புகைமூட்டத்துக்குப் பிறகு 1956ல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்ததும், அந்த மாதிரி கரிக்கு நகரங்களில் கிராக்கி ஏறியது. நகரத்து அடுப்பில் புகை நின்றது, ஆலை இருந்த பள்ளத்தாக்கு அந்தப் புகையைச் சுமந்தது. அங்கே வேலை செய்தவர்கள் நுரையீரல் நோய்க்கும் புற்றுநோய்க்கும் தொடுத்த வழக்கில் 2012ல்தான் தீர்ப்பு வந்தது, அதிலும் எல்லோருக்கும் இழப்பீடு கிடைக்கவில்லை.

சிறிய ஆலையாகத் தொடங்க அனுமதி கிடைக்குமா?

கோக் சுடுவதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாசு அதிகமுள்ள தொழிலாகத்தான் பார்க்கும். டெல்டா வயல்களுக்கு நடுவில் அதைக் கொண்டுவர நினைப்பதே வீண் என்பது என் கருத்து. தார் கலந்த தண்ணீரை விடுவதற்கு இங்கே வாய்க்காலைத் தவிர இடம் ஏது? அந்த வாய்க்கால் அடுத்த வயலுக்குத்தான் போகும். வேறு இடத்தில் சுட்டதை வாங்கிப் பயன்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் எப்படி வைத்திருப்பது?

தரையில் நேரே கொட்டாமல் பலகையோ செங்கல்லோ அடுக்கி அதன் மேல் வையுங்கள். கார்த்திகை அடைமழையில் சிமெண்டுத் தரையே வியர்க்கும். தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டாமல், ஒரு பக்கம் காற்றுப் போக விடுங்கள். நனைந்த கோக் எடையில் பத்து சதவீதத்துக்கு மேலும் தண்ணீரை வைத்துக்கொள்ளும், அதனால் மழையில் வந்த லோடுக்கு எடைபோட்டுக் காசு கொடுக்கும்போது ஒரு கட்டியை உடைத்து உள்ளே ஈரம் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பழுப்பு நிலக்கரியில் செய்த சரக்கென்றால் குவியலைப் பெரிதாக வைக்காதீர்கள். புதிதாகச் சுட்ட கரி காற்றை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே சூடேறும், சில சமயம் தானாகவே பற்றிக்கொள்ளும். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் உடனே பரப்பிவிடுங்கள். ஈரமான கட்டியை எரியும் உலையில் நேரே போடக் கூடாது, சிதறித் தெறிக்கும். முதல் நாள் சாயங்காலமே உலையின் ஓரத்தில் அடுக்கி வைத்தால் அணைந்த சூட்டிலேயே காலைக்குள் காய்ந்துவிடும்.